பெட்டி வந்தது, கேம் வரவில்லை

2012 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. நின்டெண்டோ நிறுவனத்தின் வீ யு கன்சோல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த நாள். வெள்ளை நிறத்தில் 300 டாலர். கூடுதல் சேமிப்பிடமும் ஒரு கேமும் சேர்த்து, கறுப்பு நிறத்தில் 350 டாலர். வாங்கியவர் வீட்டுக்கு எடுத்துப்போய், கம்பிகளைச் செருகி, டிவியைப் போட்டதும் மரியோவைப் பார்த்துவிட முடியவில்லை. கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லி ஓர் அறிவிப்பு நின்றது. இணைய வேகத்தைப் பொறுத்து அது ஒரு மணி நேரம் எடுத்தது. சிலருக்கு அதற்கும் மேல். நடுவில் மின்சாரம் போனாலோ, பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்கினாலோ கருவி மொத்தமாக முடங்கிவிடும் அபாயம் வேறு. அப்படி முடங்கிய கதைகள் முதல் நாளே செய்தியாயின. புதுப்பிக்காமல் விட்டாலும் வழியில்லை: இணையத்தில் ஆட முடியாது, நின்டெண்டோவின் இணையக் கடை திறக்காது, பழைய வீ கன்சோலின் கேம்களைப் போட்டு ஆடவும் முடியாது.

இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் வைத்து ஒரு கருவியைக் குறை சொன்னால் அது அற்பம். புதுக் கைப்பேசி வாங்கினாலும் முதல் நாளே அப்டேட் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் வீ யு விஷயத்தில் அந்த அப்டேட் வெறும் ஆரம்பம். கருவியை முதலில் விற்றுவிடுவது. அதற்கு உயிர் கொடுக்க வேண்டிய கேம்களையும் சேவைகளையும் வேகத்தையும் தவணை முறையில் பின்னால் அனுப்புவது. கன்சோல் தொழிலில் இது எழுதப்படாத சட்டமாகவே ஆகிவிட்டது. இதை வெறும் ஏமாற்று வேலை என்று தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து. அதேசமயம், இதற்கான செலவு கிட்டத்தட்ட முழுவதும் முதல் நாள் வரிசையில் நின்றவர் தலையில்தான் விழுகிறது. இரண்டையும் பார்க்க வீ யு-வைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதலில் தொழிலின் பக்கத்து நியாயத்தைக் கேட்டுவிடலாம். கன்சோல் தனியாக எந்த வேலையும் செய்யாது. கேம் இருந்தால்தான் அது கருவி; இல்லாவிட்டால் டிவிக்குக் கீழே தூசு படியும் ஒரு பெட்டி. கேம் தயாரிக்கும் நிறுவனங்களோ, போதுமான வீடுகளில் அந்தப் பெட்டி இருந்தால்தான் பணம் போடத் துணிவார்கள். வாங்குபவர் கேமுக்காகக் காத்திருக்க, கேம் நிறுவனம் வாங்குபவருக்காகக் காத்திருக்க, யாராவது ஒருவர் முதலில் இறங்கினால்தான் தேர் நகரும். கன்சோல் நிறுவனம் தன் சொந்தக் கேம்களோடு இறங்கிக் கொஞ்சம் தள்ளும். மீதியைத் தள்ளுபவர் அந்தக் கம்பெனியின் மேல் பழைய பாசம் வைத்திருக்கும் வாடிக்கையாளர்.

அடுத்தது நாள்காட்டி. அமெரிக்காவில் நவம்பர் கடைசியில் வரும் நன்றிகூறல் நாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரையிலான சில வாரங்களில்தான் விளையாட்டுப் பொருள் வியாபாரம் கொழிக்கும். அந்த வாரங்களைத் தவறவிட்டால் ஒரு வருடம் போனமாதிரிதான். 2012-ல் நின்டெண்டோவுக்கு அந்த அவசரம் இரட்டிப்பாக இருந்தது. சோனியும் மைக்ரோசாஃப்டும் அடுத்த தலைமுறைக் கருவிகளோடு வரப்போகிறார்கள் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு முன்னால் ஒரு வருடம் தனியாக ஓடிவிட்டால், கணிசமான வீடுகளைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ ஒரு வருடம் முன்னாலேயே இறக்கி மைக்ரோசாஃப்ட் லாபம் பார்த்த உத்திதான் அது. (அந்த அவசரத்துக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த விலை தனிக் கதை. கருவியின் முன்பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போகும் கோளாறுக்காக 2007-ல் உத்தரவாதக் காலத்தை மூன்று ஆண்டாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிவைக்க வேண்டிவந்தது.)

மூன்றாவது நியாயம் இன்னும் வலுவானது. ஒரு கன்சோலின் சிறந்த கேம்கள் பெரும்பாலும் அதன் முதல் ஆண்டில் வருவதில்லை. புதிய சிப்பை எப்படிப் பிழிவது என்று நிரலாளர்கள் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று ஆண்டுகளாவது பிடிக்கும். ஆகவே முதல் நாளிலேயே முழுமையான கன்சோல் வேண்டும் என்று கேட்டால், கன்சோலே வேண்டாம் என்று கேட்பதாகிவிடும். முன்னால் வாங்குபவர் கொடுக்கும் பணத்தில்தான் பின்னால் வாங்குபவரின் நல்ல கேம் உருவாகிறது. விலையிலும் ஒரு சலுகை இருந்தது. வீ யு-வை அடக்கவிலைக்கும் குறைவாகத்தான் விற்கிறோம் என்று நின்டெண்டோவின் தலைவர் சட்டோரு இவாட்டா வெளியீட்டுக்கு முன்பே சொல்லியிருந்தார். கருவியோடு ஒரு கேம் வாங்கிவிட்டால் அந்த நஷ்டம் ஈடாகிவிடும் என்று அமெரிக்கக் கிளையின் தலைவர் ரெஜி ஃபில்ஸ்-எமே விளக்கினார்.

இவ்வளவு நியாயமும் நிற்க வேண்டுமானால், பின்னால் வரும் என்று சொன்னது பின்னால் வர வேண்டும். அடுக்குமாடி வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, குடிநீர் இணைப்பு ஆறு மாதத்தில் வந்துவிடும், லிஃப்ட் அடுத்த வருடம் ஓடும் என்று சொல்லும் பில்டரை நமக்குத் தெரியும். குடிவந்தவர் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டு, நான்கு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். வீ யு வாங்கியவரின் முதல் ஆண்டு ஏறத்தாழ அப்படித்தான் கழிந்தது.

அன்றாடப் பயன்பாட்டிலிருந்தே தொடங்கலாம். ஒரு கேமை ஆடி முடித்துவிட்டு முகப்புத் திரைக்குத் திரும்ப இருபது விநாடி பிடித்தது. அமைப்புகளுக்குள் போக இன்னொரு இருபது விநாடி, வெளியே வர மறுபடியும். எண்ணிப் பார்த்தால் சின்னத் தொகைதான். ஆனால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது இருபது விநாடி எவ்வளவு நீளம் என்பது அரசு இணையதளங்களில் விண்ணப்பம் போட்டவர்களுக்குத் தெரியும். வெள்ளைப் பெட்டியில் 8 ஜிபி சேமிப்பிடம் என்று போட்டிருந்தார்கள். கணினி அமைப்பே தின்றது போக ஏறத்தாழ 3 ஜிபிதான் வாங்கியவருக்கு மிஞ்சியது. பெரிய கேம் ஒன்றை இணையத்தில் வாங்கி இறக்கினால் இடம் போதாது. தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கிச் செருக வேண்டும். இணையத்தில் வாங்கிய கேம்கள் வாங்கியவரின் கணக்கோடு போகாமல், அந்த ஒரு பெட்டியோடு கட்டிப்போடப்பட்டிருந்தன. பெட்டி திருட்டுப்போனால் வாடிக்கையாளர் சேவையிடம்தான் போய் நிற்க வேண்டும்.

டிவி நிகழ்ச்சிகளை எல்லாம் ஒரே இடத்தில் தேடித்தரும் என்று விளம்பரப்படுத்திய டிவீ சேவை, வெளியீட்டு நாளில் வரவில்லை. அமெரிக்காவில் டிசம்பர் 20-ஆம் தேதி வந்தது. ஐரோப்பாவுக்கு வரும், வரும் என்று சொல்லிக்கொண்டேயிருந்து, 2015 பிப்ரவரியில் வராது என்று சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவிலும் மூடிவிட்டார்கள். ஐரோப்பிய வாடிக்கையாளர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு வெறும் ஐகானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். 2013 ஏப்ரலில் வந்த அப்டேட் முகப்புத் திரைக்குத் திரும்பும் நேரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது. பிறகு வந்த அப்டேட்கள் இன்னும் செம்மைப்படுத்தின. தவணை முறையின் நல்ல பக்கம் இது. கேசட்டைச் செருகி ஆடிய காலத்தில் கருவி மந்தமாக வந்தால் கடைசிவரை மந்தம்தான். திருத்த வழியே கிடையாது. அந்த வகையில் இன்றைய வாடிக்கையாளர் கொடுத்துவைத்தவர்.

மன்னிக்க முடியாதது வேறு. வீ யு-வின் தனிச்சிறப்பு என்று சொல்லப்பட்டது கேம்பேட்: நடுவில் 6.2 அங்குலத் தொடுதிரை பதித்த பெரிய கைக்கருவி. டிவியில் ஒரு காட்சி, கையில் இன்னொரு காட்சி. இரண்டு திரையால் ஆட்டம் எப்படி மாறும் என்பதுதான் இந்தக் கன்சோலை வாங்கச் சொன்ன ஒரே காரணம். அந்தக் காரணத்தை வெளியீட்டு நாளில் உண்மையாகவே மெய்ப்பித்த கேம்கள் இரண்டுதான் என்பேன்.

ஒன்று, கறுப்புப் பெட்டியோடு சேர்த்தே கொடுத்த நின்டெண்டோ லேண்ட். அதில் மரியோ சேஸ் என்று ஓர் ஓடிப்பிடிக்கும் ஆட்டம். கேம்பேட் வைத்திருப்பவர் ஓடுகிறார். மற்ற நால்வரும் டிவியைப் பார்த்துத் துரத்துகிறார்கள். ஓடுபவரின் கைத்திரையில் முழு வரைபடமும் தெரியும், துரத்துபவர் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்பது உட்பட. துரத்துபவர்களுக்குத் தங்கள் முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். அதனால் அவர்கள் வாய்விட்டுக் கத்தித்தான் ஆக வேண்டும்: மஞ்சள் பக்கம் ஓடுறான், நீ நீலப் பக்கம் மடக்கு என்று. கேம்பேடில் உள்ள கேமரா, ஓடுபவரின் முகத்தை டிவி மூலையில் காட்டிக்கொண்டேயிருக்கும். மாட்டிக்கொள்ளப் போகும்போது அவர் விழி பிதுங்குவதைத் துரத்துபவர்கள் பார்த்துச் சிரிக்கலாம். ஒரே அறையில் ஐந்து பேர், இரண்டு விதமான அறிவோடு ஆடும் ஆட்டம். வேறு எந்தக் கன்சோலாலும் இதை அன்று செய்திருக்க முடியாது.

இன்னொன்று, யூபிசாஃப்ட் வெளியிட்ட ஜாம்பியூ. வழக்கமாக இத்தகைய கேம்களில் பையைத் திறந்தால் ஆட்டம் நின்றுவிடும். நிதானமாகத் துப்பாக்கியையோ மருந்தையோ எடுக்கலாம். இதில் பை கைத்திரையில் இருக்கிறது, ஆட்டம் நிற்பதில்லை. மருந்தைத் தேடிக் குனிந்தால் டிவியில் பிணம் நெருங்கிக்கொண்டிருக்கும். நிமிர்ந்து டிவியைப் பார்த்தால் மருந்து கைக்கு வராது. கழுத்தை மேலும் கீழும் ஆட்டுவதே பயமாகிவிடுகிறது. கருவியின் அமைப்பிலிருந்தே அச்சத்தை உண்டாக்கிய கேம் அது. இந்த இரண்டையும் ஆடிப் பார்த்தவர், இது போல இன்னும் பத்து வரப்போகிறது என்று நம்பியதில் என்ன தப்பு?

பத்து வரவில்லை. நின்டெண்டோவே அடுத்தடுத்த கேம்களில் கைத்திரையை வெறும் வரைபடமாகவும், டிவியை மற்றவர்கள் பார்க்கும்போது படுத்துக்கொண்டு ஆடும் வசதியாகவும் சுருக்கிவிட்டது. படுத்துக்கொண்டு ஆடுவது உண்மையிலேயே நல்ல வசதி, ஐயமில்லை. ஆனால் அதற்கும் கருவி இருக்கும் அறையை விட்டு அதிக தூரம் போக முடியாது. மின்கலமும் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இரண்டு கேம்பேட் வரை இணைக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். அப்படி ஆட ஒரு கேம்கூடக் கடைசிவரை வரவில்லை.

மற்ற நிறுவனங்களின் ஆதரவு என்று காட்டப்பட்டதும் தோற்றத்துக்குத்தான். முதல் நாள் பட்டியலில் கால் ஆஃப் டியூட்டி, அசாசின்ஸ் க்ரீட், பேட்மேன் என்று பெரிய பெயர்கள் இருந்தன. ஆனால் பேட்மேன் ஒரு வருடம் முன்பே மற்றக் கருவிகளில் வந்தது. மாஸ் எஃபெக்ட் 3 கதையைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். மூன்று பாகமாகப் போகும் ஒரே கதை அது. முதல் பாகத்தில் நீங்கள் எடுத்த முடிவு மூன்றாம் பாகத்தில் விளையும். வீ யு-வுக்கு மூன்றாம் பாகம் மட்டும் 60 டாலருக்கு வந்தது. அதே நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மூன்று பாகமும் சேர்த்து அதே 60 டாலருக்கு வந்தது. புதுக் கருவி வாங்கியவர் கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும், மூன்று மடங்கு விலையில் வாங்க வேண்டும்! 2011-ல் வீ யு-வை அறிமுகப்படுத்திய மேடையிலேயே ஏறி நின்டெண்டோவோடு முன்னெப்போதும் இல்லாத கூட்டுறவு என்று பேசியது இந்தக் கேமின் வெளியீட்டாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். 2013 மே மாதம், வீ யு-வுக்காகத் தங்களிடம் எந்தக் கேமும் தயாரிப்பில் இல்லை என்று அதே நிறுவனம் அறிவித்துவிட்டது. யூபிசாஃப்டின் ரேமேன் லெஜண்ட்ஸ் வீ யு-வுக்கு மட்டும் 2013 பிப்ரவரியில் வருவதாக இருந்தது. வெளியீட்டுக்குச் சில வாரம் முன்னால் அதைப் பல மாதம் தள்ளி, எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து வெளியிட்டார்கள். கேம் ஏறத்தாழ முடிந்த நிலையில் இருந்தது; தாமதத்துக்கு விற்பனைக் கணக்கு மட்டுமே காரணம். கேமை உருவாக்கியவர்களே மனம் நொந்துபோனார்கள்.

நின்டெண்டோவின் சொந்தத் தயாரிப்புகளும் தாமதித்தன. மார்ச் இறுதிக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட கேம்கள் என்று வெளியீட்டுக்கு முன் அறிவித்திருந்தார்கள். அந்தப் பட்டியலின் முக்கியப் பெயர்களில் ஒன்றான பிக்மின் 3 அமெரிக்காவுக்கு ஆகஸ்டில்தான் வந்தது. காரணம் ரகசியமில்லை. வீ-யின் காலம் முழுவதும் குறைந்த துல்லியப் படத்துக்கே கேம் செய்து பழகிய நிறுவனம், முதல் முறையாக உயர்துல்லியத்துக்கு மாறியது. சோனியின் பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் கேம் செய்தவர்கள் ஆறேழு ஆண்டுக்கு முன்பே அந்தக் கஷ்டத்தைப் பட்டு முடித்திருந்தார்கள். அதற்கு எவ்வளவு ஆள்பலம் தேவைப்படும் என்பதைத் தாங்கள் குறைத்து மதிப்பிட்டதாக நின்டெண்டோவே பின்னால் ஒப்புக்கொண்டது.

2013 ஜனவரி 23-ஆம் தேதி, வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்த நிலையில், இவாட்டா ஒரு காணொளியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். புதிய கருவியின் தொடக்க மாதங்களில் கேம்களைச் சீராகக் கொடுப்பது தங்கள் பொறுப்பு, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கொடுக்க முடியவில்லை என்று நேராகச் சொன்னார். ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர் இப்படிச் சொல்வது அபூர்வம். அந்த மனிதர்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது. ஆனால் மன்னிப்பால் டிவிக்குக் கீழே இருந்த பெட்டி நிறையவில்லை. 2013 மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் 55 லட்சம் வீ யு விற்பதாக இருந்த இலக்கை 40 லட்சமாகக் குறைத்தார்கள். விற்றது 34 லட்சத்து 50 ஆயிரம். அடுத்த காலாண்டில், அதாவது ஏப்ரல் முதல் ஜூன் வரை, உலகம் முழுவதும் விற்றது 1 லட்சத்து 60 ஆயிரம் பெட்டி. அதே மூன்று மாதத்தில் ஆறு வயதைத் தாண்டிய பழைய வீ 2 லட்சத்து 10 ஆயிரம் விற்றது. புதுசைவிடப் பழசு அதிகம் விற்ற இந்தக் காலாண்டுதான், வாங்காதவர்களும் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்ட இடம்.

பெயரும் காட்சியும் ஒன்றுபோல் இருந்ததால், வீ-க்கு வாங்கும் கூடுதல் கைக்கருவி என்று இதை நினைத்தவர்கள் பலர். தோல்விக்கு அதையே முதல் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. பெயர் குழப்பத்தை ஒரு நல்ல கேம் ஆறு மாதத்தில் தீர்த்திருக்கும்.

இங்கே நின்டெண்டோவின் முந்தைய அனுபவத்தைப் பார்க்காமல் போக முடியாது, ஏனென்றால் பாடம் அவர்களுக்குப் புதிதில்லை. 2011 மார்ச்சில் கையடக்கக் கருவியான 3டிஎஸ் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்தது. முதல் நாளில் மரியோ கேம் இல்லை, இணையக் கடையும் இல்லை. கடை ஜூனில்தான் திறந்தது. விற்பனை படுத்தது. ஆகஸ்டில் விலையை 170 டாலராக வெட்டினார்கள். ஜப்பானில் 25 ஆயிரம் யென்னிலிருந்து 15 ஆயிரத்துக்கு. வெளியாகி ஆறு மாதம்கூட ஆகாத கருவிக்கு இது போன்ற வெட்டு அந்தத் தொழிலில் அபூர்வம். ஆசையோடு முதலில் வாங்கியவர் 80 டாலர் அதிகம் கொடுத்த ஏமாளி ஆனார்.

ஆனால் அந்தச் சந்தர்ப்பத்தில் நின்டெண்டோ நடந்துகொண்ட விதத்தைப் பாராட்ட வேண்டும். இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். விலைக்குறைப்புக்கு முன் வாங்கி இணையக் கடையில் நுழைந்த எல்லாருக்கும் இருபது பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள்: ஆதிகால என்இஎஸ் கேம்கள் பத்து, கேம்பாய் அட்வான்ஸ் கேம்கள் பத்து. இரண்டாவது பத்தை 3டிஎஸ்ஸில் வேறு யாருக்கும் விலைக்குக்கூடக் கடைசிவரை விற்கவில்லை. 80 டாலருக்கு அது சரியான ஈடா என்று வாதிடலாம். முதலில் வந்தவர் ஓர் இழப்பை அடைந்தார் என்பதை நிறுவனம் ஏற்றுக்கொண்டதே என் கண்ணில் பெரிது. வருட இறுதியில் புது மரியோவும் மரியோ கார்ட் 7-ம் வந்தன. கருவி எழுந்து நின்றது. கடைசிக் கணக்கில் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. தொடக்கம் சறுக்கினாலும் தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டால் இந்த வழக்கம் பலிக்கும் என்பதற்கு 3டிஎஸ் அத்தாட்சி.

2017 மார்ச் 3-ல் வந்த ஸ்விட்ச் இன்னும் நல்ல அத்தாட்சி. வீ யு-வைப் போலவே அதுவும் அரைகுறையாகத்தான் வந்தது. இணைய உலாவி இல்லை, நெட்ஃபிளிக்ஸ் இல்லை, பழைய கேம்களை விற்கும் கடை இல்லை, கட்டணத்தோடு கூடிய இணையச் சேவை ஒன்றரை வருடம் கழித்துத்தான் வந்தது. இடது கைப்பிடி சமிக்ஞையை இழந்து ஆட்டத்தின் நடுவே துண்டித்துக்கொண்டது. கேம்களின் எண்ணிக்கையிலும் வீ யு-வின் முதல் நாளுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஸெல்டா பிரெத் ஆஃப் தி வைல்ட் என்ற ஒரு கேம் அன்றே கூட வந்தது. அமெரிக்காவில் அந்த முதல் மாதத்தில் விற்ற ஸ்விட்ச் கருவிகள் 9 லட்சத்து 6 ஆயிரம். ஸ்விட்ச்சுக்கான ஸெல்டா 9 லட்சத்து 25 ஆயிரம். கருவி கிடைக்காதவர்கள் கேமையாவது வாங்கி வைத்துக்கொண்டார்கள் போலும், அல்லது பத்திரப்படுத்த ஒன்றும் ஆட ஒன்றுமாக வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். எப்படியானாலும், முதல் நாளில் வாங்கியவர் யாரும் வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு விழிக்கவில்லை. மீதிக் குறைகள் மெதுவாகத் தீர்ந்தன. தீராதவற்றையும் மக்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஆகவே அரைகுறையாக வருவதே குற்றம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வாங்கியவர் கையில் முதல் வாரத்திலிருந்து ஏதாவது ஒரு நிறைவான அனுபவம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வீ யு-வின் முதல் நாளில் முப்பதை ஒட்டிய கேம்கள் இருந்தன. ஸெல்டா போல ஒன்று இல்லை. பட்டியலின் நீளத்தைக் காட்டிக் கருவி விற்பதை இந்தத் தொழில் இன்றும் விடவில்லை, அதை மதிப்பிடும் பத்திரிகைகளும் விடவில்லை. கருவியைப் பற்றி எழுதும்போது சிப்பின் வேகத்தையும் திரையின் துல்லியத்தையும் அட்டவணை போட்டு ஒப்பிடும் விமர்சகர், அடுத்த நான்கு மாதத்தில் தேதி உறுதியாகியுள்ள கேம்கள் எவை, தேதியில்லாமல் விரைவில் என்று மட்டும் போட்டவை எவை என்று பிரித்துக் காட்டினால் வாசகருக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும்.

வாடிக்கையாளரும் தன் பங்குக்கு இந்த வழக்கத்தை வளர்க்கிறார். முன்பதிவு என்ற பெயரில், யாரும் ஆடிப் பார்க்காத பொருளுக்குப் பணம் கட்டுகிறோம். வரிசையில் முதலாவதாக நிற்பதில் ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமையை நிறுவனங்கள் நன்றாக அறியும். ஆனாலும் வாடிக்கையாளரின் ஆசையைக் காட்டி நிறுவனத்தை விடுவிப்பது நியாயமாகாது. என்ன வரும், எப்போது வரும் என்ற தகவல் ஒரு தரப்பிடம் மட்டும்தான் இருக்கிறது. பிக்மின் தாமதமாகும் என்று நின்டெண்டோவுக்குத் தெரிந்த நாளுக்கும் வாங்கியவருக்குத் தெரிந்த நாளுக்கும் இடையில்தான் பெட்டிகள் விற்கின்றன.

2025 ஜூன் 5-ல் ஸ்விட்ச் 2 வந்தபோது நின்டெண்டோ சில பாடங்களைக் கற்றிருந்தது தெரிந்தது. புது மரியோ கார்ட் முதல் நாளே கூட வந்தது. முதல் நான்கு நாளில் 35 லட்சம் பெட்டி விற்றது. ஆனால் தவணை முறை இப்போது வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. கடையில் பெட்டியில் வைத்து விற்கும் பல கேம் அட்டைகளுக்குள் கேமே இல்லை. அட்டையைச் செருகினால், இணையத்திலிருந்து கேமை இறக்கிக்கொள்ளும் அனுமதி மட்டும்தான் கிடைக்கும். அட்டையின் உறையில் அதை அச்சிட்டிருக்கிறார்கள், மறைக்கவில்லை. இருந்தாலும் முன்பு கருவி கேமுக்காகக் காத்திருந்தது போய், இப்போது கேம் அட்டையே கேமுக்காகக் காத்திருக்கிறது. நிறுவனத்தின் சர்வர் ஓடும்வரைதான் அந்த அட்டைக்கு உயிர். வீ யு-வின் இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது, இணைய ஆட்டங்கள் 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த அட்டையை வாங்குவது நல்லது.

இந்த வழக்கத்தின் மேல் என் தீர்ப்பு இதுதான். கருவியை முன்னால் விற்றுக் கேமைப் பின்னால் தருவது தொழிலின் தேவை. அதை ஒழிக்க முடியாது, ஒழித்தால் புதிய கருவிகளே வராது. ஆனால் பின்னால் தர முடியாமல் போனால் முன்னால் வாங்கியவருக்கு ஈடு கொடுப்பது அந்த வழக்கத்தின் பிரிக்க முடியாத பாதி. 3டிஎஸ் விஷயத்தில் நின்டெண்டோ அதைச் செய்தது. வீ யு-வின் கறுப்புப் பெட்டிக்கு 2013 செப்டம்பரில் 50 டாலர் விலை குறைத்தபோது, முதலில் வாங்கியவர்களுக்காக அப்படி எதுவும் செய்யவில்லை. 1 கோடியே 35 லட்சத்துக்கு மேல் விற்று, 2017-ல் வீ யு-வின் தயாரிப்பு நின்றுபோனது. அந்தக் கருவிக்காகச் செய்த மரியோ கார்ட் 8-ஐச் சில சேர்க்கைகளோடு அதே ஆண்டு ஸ்விட்ச்சில் மறுபடி வெளியிட்டார்கள். வீ யு-வில் 80 லட்சத்துக்கு மேல் விற்ற கேம் அங்கே 6 கோடியைத் தாண்டி விற்றது. வீ யு-வில் அதை ஏற்கெனவே வாங்கியிருந்தவரும் ஸ்விட்ச்சில் ஆட முழு விலை கொடுத்துத்தான் மறுபடி வாங்க வேண்டியிருந்தது.